புளூடூத் தராசு கணினியோடு சேர்கிறது, எடை மட்டும் வந்து சேரவில்லை

கேள்வி
எழுதியவர்: இலைக்கணக்கு, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரியை அடுத்த எங்கள் ஊரில் சிறு தேயிலை விவசாயிகள் 38 பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, பறித்த பச்சைத் தேயிலையை ஒரே கொட்டகையில் எடை போட்டு வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். அவரவர் எடையை நோட்டில் எழுதுவதும், மாத முடிவில் ஒவ்வொருவர் கணக்கையும் கூட்டித் தருவதும் என் பொறுப்பு. மழைக்காலத்தில் தாள் நனைந்து, கை விறைத்து, வண்டி கிளம்பும் அவசரத்தில் எழுதுகிற எண்கள் எப்படி இருக்கும் என்பது இந்த மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சென்ற ஜூலையில் 19.6 என்று நான் எழுதியதை மாதக் கடைசியில் நானே 14.6 என்று படித்துவிட்டேன். அந்த ஐந்து கிலோ ஒரு வயதான அம்மா பறித்தது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் அந்த நாளின் எடையை ஞாபகத்திலிருந்து சரியாகச் சொன்னபோது, என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால், தராசு காட்டும் எடை கைபடாமல் நேராகக் கணினிக்குப் போக வேண்டும் என்று குழுவில் முடிவு செய்து, புளூடூத் வசதியுள்ள 100 கிலோ மேடைத் தராசு ஒன்றை வாங்கினோம். மடிக்கணினி என் மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது; விண்டோஸ் 10 இருக்கிறது. அதன் சொந்த புளூடூத் பழுதாகிவிட்டதால் டாங்கிள் என்கிற சிறிய புளூடூத் கருவி ஒன்றை யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறேன். அதற்குப் பக்கத்துத் துளையில், கணக்கைச் சேமித்து வைக்கும் வெளி ஹார்டு டிஸ்க் இருக்கிறது.

செட்டிங்ஸில் தேடினால் தராசின் பெயர் வருகிறது. 1234 என்ற எண்ணைக் கொடுத்தால் 'பேர்டு' என்று காட்டுகிறது. 'கனெக்டட்' என்று ஒருபோதும் காட்டியதில்லை. தராசோடு கிடைத்த எடை வாங்கும் மென்பொருள் எந்தக் காம் போர்ட் என்று கேட்கிறது. பட்டியலில் 5, 6 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. 5 ஐக் கொடுத்தால் தகராறு இல்லாமல் திறந்துகொள்கிறது, ஆனால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் எடை வருவதில்லை. 6 ஐக் கொடுத்தால் சில விநாடிகள் யோசித்துவிட்டுப் பிழைச் செய்தியைக் காட்டி மூடிக்கொள்கிறது. ஆகவே 5 தான் சரியானது என்று எண்ணி இத்தனை நாள் அதனோடு போராடிக்கொண்டிருக்கிறேன். பாட் ரேட் என்ற இடத்தில் 2400, 4800, 9600 என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தற்செயலாக 6 ஐத் தொட்டபோது எடை மளமளவென்று வந்தது. அன்று மாலையே நின்றுவிட்டது. பொதுவாக மாலையில் மூடுபனி இறங்கிய பிறகு எதுவும் நடப்பதில்லை. மூடுபனி புளூடூத்தைத் தடுக்குமா? தராசை மாற்றித் தரச் சொல்ல வேண்டுமா, அல்லது நான்தான் எதையாவது தவறாகச் செய்கிறேனா?


மறுமொழி 1
எழுதியவர்: கணினி பழுதுபார்ப்பவர், குன்னூர்

வணக்கம் அம்மா. நீங்கள் நடந்ததை வரிசையாக, ஒன்றையும் விடாமல் எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. முதலில் ஒரு நல்ல செய்தி: உங்கள் தராசு நன்றாகவே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது, நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்: பிழை காட்டுகிற 6 தான் உங்களுக்கு உரிய போர்ட், அமைதியாகத் திறக்கிற 5 உங்களுக்கு எந்நாளும் பயன்படாது.

இதை விளக்க ஒரு சொல்லிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தமிழில் 'இணை' என்றால் சோடி என்றும் பொருள், சேர்த்துவிடு என்றும் பொருள். புளூடூத்தில் இவை இரண்டும் வேறு வேறு செயல்கள். பேரிங் என்பது, இரண்டு சாதனங்கள் ஒன்றையொன்று அறிந்துகொண்டு, இரகசியத் திறவுகோல் ஒன்றை உருவாக்கித் தத்தம் நினைவில் எழுதி வைத்துக்கொள்வது மட்டுமே. அது ஒருமுறை நடந்தால் போதும். தராசை அணைத்து வைத்திருந்தாலும் கணினி 'பேர்டு' என்றே காட்டும். கனெக்ட் என்பது, அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவே உண்மையாகவே தொடர்பு திறந்து தரவு போய்வருவது. பெண் பார்த்து நிச்சயம் செய்ததையும் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துவதையும் நாம் ஒன்றென்று சொல்வதில்லை அல்லவா? இரண்டுக்கும் 'இணைப்பு' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுவதால், பேரிங் முடிந்தவுடனே வேலை முடிந்தது என்று என்னிடம் வருகிற பத்துப் பேரில் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

ஹெட்செட், ஸ்பீக்கர் போன்றவற்றில் இந்த வேறுபாடு நம் கண்ணில் படாது, ஏனென்றால் பேரிங் முடிந்த கையோடு விண்டோஸே தொடர்பையும் திறந்துவிடுகிறது. தராசு அந்த வகை அல்ல. 1994 ஆம் ஆண்டில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் இந்தத் தொழில்நுட்பத்துக்கான வேலை தொடங்கியபோது, கணினியோடு கருவிகளைச் சேர்க்கும் ஆர்எஸ்-232 என்கிற சீரியல் கேபிளுக்குக் கம்பியில்லாத மாற்று ஒன்று வேண்டும் என்பதே முக்கிய நோக்கமாக இருந்தது. உங்கள் தராசு இன்றும் அந்த ஆதி வேலையைத்தான் செய்கிறது. சீரியல் போர்ட் புரொஃபைல் என்ற முறையில், கேபிள் ஒன்று இருப்பதுபோலக் கணினியை நம்பவைத்து, அதன் வழியே எழுத்துகளை அனுப்புகிறது. அந்தக் கற்பனைக் கேபிளின் முனைதான் காம் போர்ட். ஏதாவது ஒரு மென்பொருள் அந்தப் போர்ட்டைத் திறக்கும்போதுதான் விண்டோஸ் தராசை அழைக்கும். போர்ட்டை மூடியவுடன் அழைப்பும் முடிந்துவிடும். ஆகவே செட்டிங்ஸில் 'கனெக்டட்' என்று வரவில்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை.

இனி 5, 6 விஷயத்துக்கு வருகிறேன். செட்டிங்ஸில் புளூடூத் பக்கத்தின் ஓரத்தில் 'மோர் புளூடூத் ஆப்ஷன்ஸ்' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து 'காம் போர்ட்ஸ்' என்ற தாவலுக்குப் போனால், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இன்கமிங் அல்லது அவுட்கோயிங் என்று திசை எழுதியிருக்கும். இன்கமிங் என்பது, வெளியிலிருந்து ஒரு சாதனம் தன்னை அழைக்கட்டும் என்று கணினி கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பது. யாரும் வராவிட்டாலும் திறந்த கதவு திறந்தபடியே இருக்கும், பிழை வராது. இத்தகைய தராசுகள் தாமாக யாரையும் அழைப்பதில்லை. தம்மை அழைப்பவருக்குப் பதில் சொல்வது மட்டுமே அவற்றின் வழக்கம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 5 அந்தக் காத்திருக்கும் கதவு. அவுட்கோயிங் என்பது கணினியே போய்த் தராசின் கதவைத் தட்டுவது. தட்டியும் பதில் இல்லையென்றால் சில விநாடிகளில் பிழை காட்டும். 6 செய்வது அதுதான். அங்கே தராசின் பெயரோடு 6 இருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாட் ரேட் என்கிற தரவு வேகத்தை நோண்ட வேண்டாம். அந்த வேகம் தராசின் உள்ளே, எடை காட்டும் பலகைக்கும் மாட்யூல் என்கிற சிறு புளூடூத் பகுதிக்கும் இடையில் உள்ள கம்பிக்கு உரியது. காற்றில் போகிற பகுதிக்கு அது பொருந்தாது. கணினிப் பக்கம் நீங்கள் எதைப் போட்டாலும் பெரும்பாலும் ஒன்றுதான். எடைக்குப் பதிலாகப் புரியாத குறிகள் வந்தால் மட்டும் தராசின் உள்ளமைப்பைச் சந்தேகிக்கலாம். உங்களுக்கு ஒருநாள் எண்கள் ஒழுங்காகவே வந்திருக்கின்றன.

மீதமிருப்பது ஒரே கேள்வி: 6 தட்டும்போது தராசு ஏன் பதில் சொல்வதில்லை? இந்த வகைச் சாதனங்கள் ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டுமே பேசும். வேறொரு கைபேசி அதைப் பிடித்து வைத்திருந்தால் உங்கள் கணினிக்கு இடம் கிடைக்காது. இதுவரை அந்தத் தராசோடு பேரிங் செய்த கைபேசிகள் எவை, யாரிடம் இருக்கின்றன என்பதை விசாரித்துப் பாருங்கள்.


மறுமொழி 2
எழுதியவர்: மலைப்பூண்டு, பூம்பாறை

குன்னூர் ஐயா கடைசியில் சொன்னது எங்கள் வீட்டிலேயே நடந்தது. கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் பூண்டு எடை போடுவதற்காக நானும் இப்படியொரு தராசு வைத்திருக்கிறேன். அறுவடை நேரத்தில் கணினியில் எடை வராமல் இரண்டு நாள் தவித்தோம். என் தம்பி அந்தத் தராசுக்கான செயலியைச் சோதித்துப் பார்க்கத் தன் கைபேசியில் நிறுவியிருந்தார். தராசு இயங்கத் தொடங்கியவுடன், அவர் பையில் கிடந்த கைபேசி யாரும் தொடாமலே போய் ஒட்டிக்கொள்ளும். அவர் தோட்டத்துக்குப் போய்விட்டால் எங்களுக்கு எடை வரும், சாப்பிட வந்தால் நின்றுவிடும். அந்தக் கைபேசியில் 'ஃபர்கெட்' கொடுத்துத் தராசை நீக்கிய பிறகு இன்றுவரை தொல்லை இல்லை.

பிறகு இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். என் முதல் தராசு, வேறு கதை. அது கைபேசிச் செயலியில் அழகாக எடை காட்டும். கணினியிலோ காம் போர்ட் என்ற ஒன்றே உண்டாகவில்லை. அது 2010 இல் வெளியான புளூடூத் 4.0 இல் சேர்ந்த லோ எனர்ஜி வகை என்பது மாதக்கணக்கில் கழித்தே எனக்குப் புரிந்தது. பெயர்தான் ஒன்று; பழைய புளூடூத்தும் லோ எனர்ஜியும் பேசுகிற முறை முற்றிலும் வேறு. லோ எனர்ஜித் தராசுக்குச் சீரியல் கேபிள் வேஷம் கிடையாது. அதனிடம் எடையைக் கேட்டு வாங்குவதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் வேண்டும், டாங்கிளும் 4.0 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பழைய டாங்கிளுக்கு அப்படியொரு தராசு பக்கத்தில் இருப்பதே தெரியாது. வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும் ஹெச்சி-05, ஹெச்எம்-10 என்ற இரண்டு மாட்யூல்களில் முன்னது பழைய வகை, பின்னது லோ எனர்ஜி. விற்பவரிடம் 'புளூடூத் இருக்கிறதா' என்று கேட்டால் இரண்டுக்குமே 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். 'விண்டோஸில் காம் போர்ட் வருமா' என்று கேட்டு, கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

கோத்தகிரி அம்மாவின் தராசு 1234 கேட்டு, போர்ட்டும் உண்டாக்கியிருப்பதால் அது பழைய வகையே. கவலை வேண்டாம்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் புளூடூத்சிடிஎல் கருவியில் 'பேர்', 'டிரஸ்ட்' வரை போய்விட்டு, 'கனெக்ட்' கொடுக்கும்போது பிழை வந்தால் மனம் தளர வேண்டாம். சீரியல் சாதனத்துக்கு அந்தக் கட்டளை பொருந்தாததால் வருகிற பிழை அது. ஆர்எஃப்காம் கட்டளையால் தராசின் முகவரியை ஒரு போர்ட்டோடு பிணைத்துவிட்டு, மென்பொருளில் அந்தப் போர்ட்டைத் திறந்தால் எடை வரும். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.


மறுமொழி 3
எழுதியவர்: ஓய்வுபெற்ற மின்னணுவியல் ஆசிரியர், உதகை

மூடுபனியைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன். கேள்வி நியாயமானது, மாலையில் பனி இறங்குவதையும் மாலையில் தொடர்பு அறுவதையும் சேர்த்துப் பார்த்த எவருக்கும் தோன்றக்கூடியது. ஆனால் பனி குற்றவாளி அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். மூடுபனியின் துளியோ கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவுக்குச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கை ஒட்டியது. எதிரில் வரும் வண்டி தெரியாத அளவுக்கு அடர்ந்த பனியிலும், ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கிற நீர் ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். ஒளிக்கு அது சுவர். இந்த ரேடியோ அலைக்கு, அதுவும் சில மீட்டர் தூரத்துக்கு, அது இல்லாததற்குச் சமம்.

தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும் என்பது உண்மைதான். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் இதே அலைவரிசைக்கு அருகில்தான். ஆகவே, தண்ணீர் மொத்தமாக எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பறித்த பச்சைத் தேயிலையின் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீர்தான். மழையில் நனைந்த ஈரத்தைக் கணக்கில் சேர்க்காமலே, 20 கிலோ மூட்டை ஒன்றில் 15 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. உங்கள் கொட்டகையில் மாலையில் முப்பது மூட்டைகள் அடுக்கியிருந்தால், தராசுக்கும் கணினிக்கும் நடுவே 450 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை எழுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். சுற்றி நிற்கும் மனிதர்களும் அப்படியே. நம் உடம்பும் பெரும்பகுதி நீர்தான். இவ்வகைச் சாதனங்கள் பலவற்றில் இருப்பது இரண்டாம் வகுப்பு ரேடியோ. அதன் திறன் அதிகபட்சம் 2.5 மில்லிவாட், எட்டும் தூரம் தடையில்லாத இடத்தில் 10 மீட்டர் அளவு. மூட்டைச் சுவரைத் தாண்டும் வலிமை அதற்குக் கிடையாது. கணினியை வைக்கும் மேசையிலிருந்து பார்த்தால் தராசின் எடை காட்டும் பெட்டி நேராகக் கண்ணில் பட வேண்டும். அந்த வழியில் மூட்டை அடுக்கக் கூடாது என்று தரையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இதைவிட எனக்குச் சந்தேகமாக இருப்பது, டாங்கிளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்டு டிஸ்க். அது செருகியிருக்கும் துளையின் உள்ளே நீல நிறம் தெரிந்தால் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. அந்த வகைத் துளையும் கேபிளும் தரவு அனுப்பும்போது, சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கசியவிடுகின்றன. இன்டெல் நிறுவனமே 2012 இல் இதை அளந்து, ஓர் அறிக்கையாக வெளியிட்டது. டிஸ்க்கை ஒட்டி டாங்கிளைச் செருகுவது, செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தூரத்தில் இருப்பவரின் முணுமுணுப்பைக் கேட்க முயல்வது போன்றது. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, அதன் நுனியில் டாங்கிளைச் செருகி, மேசைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு குறைவு. பலன், நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், மிகப் பெரிது.

வைஃபையும் இதே அலைவரிசையில் இருப்பதால் அதையும் சிலர் குற்றம் சொல்வார்கள். புளூடூத் 79 தடங்களுக்கு இடையே விநாடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே பேசுகிறது. 2003 இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, நெரிசலான தடங்களை அடையாளம் கண்டு ஒதுக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் கொட்டகையில் அது பெரிய தடையாக இருக்க வாய்ப்பில்லை.


கேட்டவரின் பதில்
எழுதியவர்: இலைக்கணக்கு, கோத்தகிரி

மூவருக்கும் என் நன்றி. நான்கு நாட்களாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

காம் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்தபோது 6 க்கு எதிரே அவுட்கோயிங் என்றும், தராசின் பெயரும் இருந்தன. கொட்டகையில் இருந்த எல்லோருடைய கைபேசியையும் வாங்கிப் பார்த்தேன். ஒருவரிடமும் தராசின் பெயர் இல்லை. பூம்பாறைச் சகோதரர் எழுதியதை மறுபடி படித்தபோதுதான் வண்டி ஓட்டும் தம்பி நினைவுக்கு வந்தார். தராசு வந்து இறங்கிய நாளில், வேலை செய்கிறதா என்று பார்க்கச் செயலியை அவருடைய கைபேசியில்தான் போட்டுப் பார்த்தோம். அவருக்கே அது மறந்துவிட்டது. அவர் வண்டியைக் கொட்டகை வாசலில் நிறுத்துவது மாலையில். பனி இறங்குவதும் அதே நேரத்தில். எடை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வரவில்லை. நான் இரண்டு மாதமாகப் பனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கைபேசியிலிருந்து தராசை நீக்கிய அன்று மாலையே, அடர்ந்த பனியில், 6 முதல் முயற்சியிலேயே திறந்தது.

ஆயினும் முழு நிம்மதி வரவில்லை. எடை நடுநடுவே விட்டுவிட்டு வந்தது. பிறகு ஆசிரியர் ஐயா சொன்னபடி நீட்டிப்புக் கேபிள் வாங்கி டாங்கிளை ஆணியில் மாட்டினேன். அதற்குப் பின் இரண்டு நாட்களில் ஒருமுறைகூட அறுபடவில்லை. மூட்டைகளுக்குக் கோடும் போட்டாகிவிட்டது.

இப்போது மூன்று சந்தேகங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று, தேநீர் குடிக்க மடிக்கணினியை மூடிவிட்டுத் திரும்பினால், மென்பொருள் திறந்தே இருந்தாலும் எடை வருவதில்லை. இரண்டு, மூட்டையைத் தூக்கி வைக்கும்போது 7, 31, 24 என்று எண்கள் ஓடி, நான் பொத்தானை அழுத்தும் நேரத்தைப் பொறுத்துத் தவறான எடை பதிவாகிவிடுகிறது. கைப்பிழையைத் தவிர்க்கத்தானே இவ்வளவு பாடு? மூன்று, இங்கே ஒரு கடைக்காரர், தராசைத் திறந்து இன்னும் தூரம் எட்டக்கூடிய மாட்யூலைப் பொருத்தித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?


மறுமொழி 4
எழுதியவர்: கணினி பழுதுபார்ப்பவர், குன்னூர்

மிகுந்த மகிழ்ச்சி அம்மா. வண்டி வரும் நேரத்தையும் பனி இறங்கும் நேரத்தையும் நீங்களே பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்ததை நானும் குறித்து வைத்துக்கொண்டேன். இனி வாடிக்கையாளரிடம் "அந்த நேரத்தில் புதிதாக யார் வந்தார்கள்" என்று கேட்கப் போகிறேன்.

மடிக்கணினியை மூடினால் அது உறங்கப் போகிறது, டாங்கிளுக்கு மின்சாரம் நிற்கிறது, தொடர்பும் அறுந்துவிடுகிறது. எழுந்த பிறகு மென்பொருள் பழைய, செத்துப்போன போர்ட்டையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மென்பொருளில் போர்ட்டை மூடித் திறந்தால் போதும்; பேரிங்கை நீக்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டாம். அப்படிச் செய்தால் போர்ட் எண் மாறிவிடலாம், 9 க்கு மேல் போய்விட்டால் பழைய மென்பொருள்கள் சில அதைப் பட்டியலில் காட்டுவதே இல்லை. மூடியை மூடினாலும் உறங்காதபடி பவர் ஆப்ஷன்ஸில் மாற்றிவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் புளூடூத் டாங்கிளின் பெயரை இருமுறை சொடுக்கி, பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம் என்ற பொருளில் இருக்கும் கட்டத்தின் டிக் குறியை எடுத்துவிடுங்கள்.

எண்கள் ஓடுவது இதைவிட முக்கியமானது, ஏனென்றால் அது நேராக ஒருவரின் கூலியைத் தொடுகிறது. தராசு விநாடிக்குப் பலமுறை எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். பல தராசுகள் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், எடை நிலைத்துவிட்டால் எஸ்டி என்றும், இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் யுஎஸ் என்றும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அனுப்புகின்றன. உங்கள் தராசின் கையேட்டில் தரவு வடிவம் என்ற பக்கத்தில் இது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மென்பொருளின் அமைப்பில் நிலைத்த எடையை மட்டும் ஏற்கும்படி செய்ய முடியும். 'ஸ்டேபிள்' என்ற பெயரில் அந்த வசதி இருக்கும். அது இல்லாத தராசு என்றால், கட்டளை வந்தால் மட்டும் எடையை அனுப்பும் முறைக்கு அல்லது தராசிலேயே பிரிண்ட் பொத்தானை அழுத்தினால் அனுப்பும் முறைக்கு மாற்றிவிடுங்கள். எப்படியானாலும், பதிவான எண்ணை நீங்கள் உரக்கப் படித்து, பறித்தவர் தராசில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அடுத்த மூட்டையை ஏற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். அந்த அம்மா ஞாபகத்தில் வைத்திருந்த எடை உங்கள் நோட்டைவிடச் சரியாக இருந்தது அல்லவா? கணினி வந்த பிறகும் அவருடைய கண்ணும் கணக்கில் இருக்கட்டும்.


மறுமொழி 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற மின்னணுவியல் ஆசிரியர், உதகை

மூன்றாவது சந்தேகத்துக்கு மட்டும் என் பதில்: தராசைத் திறக்க விட வேண்டாம். நீங்கள் அந்தத் தராசை வைத்து முப்பத்தெட்டுப் பேரின் வருமானத்தைத் தீர்மானிக்கிறீர்கள். 2009 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி, வணிகத்துக்குப் பயன்படும் தராசு சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மாட்யூல் பொருத்துவதற்காகப் பெட்டியைத் திறந்து முத்திரையை உடைத்துவிட்டால், மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்கும்வரை அதில் எடை போடக் கூடாது. தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் தராசுக்கும் கணினிக்கும் நடுவே இருப்பது நாலைந்து மீட்டர். இப்போது அறுபடாமல் வருகிறது. தூரம் போதாது என்று பின்னால் எப்போதாவது தோன்றினால், கணினிப் பக்கத்து டாங்கிளை இன்னும் நீளமான கேபிளில் தராசுக்கு அருகில் கொண்டுபோங்கள். அதற்கு யாருடைய முத்திரையையும் தொட வேண்டியதில்லை.

வேறு கைபேசிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கையேட்டில் வழி இருந்தால் 1234 என்ற எண்ணையும் மாற்றிவிடுங்கள். இத்தகைய சாதனங்களில் பலவற்றுக்கும் அதே எண்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.


கேட்டவரின் பதில்
எழுதியவர்: இலைக்கணக்கு, கோத்தகிரி

கையேட்டில் எஸ்டி, யுஎஸ் இரண்டும் இருக்கின்றன ஐயா. மென்பொருளில் 'ஸ்டேபிள்' கட்டத்தையும் கண்டுபிடித்து டிக் செய்துவிட்டேன். இன்று 41 மூட்டைகள் எடை போட்டோம், ஓடுகிற எண் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கடைக்காரரிடம் மாட்யூல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தராசின் முத்திரைத் தேதியைப் பார்த்தேன், அடுத்த பிப்ரவரி வரை இருக்கிறது. குழுவின் நாட்காட்டியில் ஜனவரி மாதத்திலேயே குறித்து வைத்திருக்கிறேன். எண்ணை மாற்றுவதற்குத் தராசில் வழி இல்லை. ஆகவே வண்டி ஓட்டும் தம்பி, தானாகவே அந்தச் செயலியைக் கைபேசியிலிருந்து அழித்துவிட்டு என்னிடம் காட்டினார்.

சென்ற ஜூலையில் ஐந்து கிலோவைத் தவறவிட்ட அம்மாவின் பெயரைத்தான் இன்று முதலில் கணினியில் ஏற்றினேன். அவருடைய மூட்டை 22.4 கிலோ. தராசிலும் அதுவே, திரையிலும் அதுவே.